நான்காம் நகல்

அன்று வந்திருந்தவர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தாய்மார் மன்றத்தின் தலைவி பாவாயி அம்மாள், மூன்றாம் தெருவில் மாவு மில் வைத்திருப்பவர். பொருளாளர் ரெஜினா மேரி, செவிலியர். உறுப்பினர்கள் நால்வர்: கோழிப்பண்ணைக் கோகிலவாணி, ஜெராக்ஸ் கடை நடத்தும் மெஹருன்னிசா, இரட்டைப் பிள்ளைகளின் தாய் பூங்கோதை, பள்ளிச் சீருடை தைக்கும் தங்கமணி. செயலாளர் சுலோசனா, அது நான். ஆக எழுவர். கூட்டக் குறிப்பில் ஏழு கையொப்பங்களும் இருக்கின்றன. இந்த வீட்டில் நடக்கும் எதற்கும் குறிப்பு உண்டு.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். காபி நானே போட்டது. ஒருத்திக்கு மட்டும் போட்டுப் பழகிவிட்டதால் இரண்டு டம்ளருக்கு அளவு பிடிபடுவதில்லை. சர்க்கரை குறைந்தால் சொல்லுங்கள்.

நீங்கள் சென்னையிலிருந்து நாமக்கல் வரை பேருந்தில் வந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி. எங்கள் மனுவின் மூன்றாம் இணைப்பில் உள்ளவற்றை வெளியிட அந்தப் பெண் சம்மதித்தாளா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும் என்று நினைத்து வந்திருக்கிறீர்கள். உங்கள் வயது அப்படி. இருபத்தாறு ஆண்டுகளாக ஆட்சியர் அலுவலகத்தில் மனுக்களோடு வாழ்கிறவள் நான். ஒரு சொல்லில் பதில் கேட்பவர்கள் கோப்பைப் படிக்காதவர்கள்.

சட்டப்படி பதில் வேண்டுமானால் இப்போதே தருகிறேன். அவள் பதினெட்டு நிறையாதவள். தாய் நான். தாயின் ஒப்புதல் இணைக்கப்பட்டிருக்கிறது, தேதியோடு. உங்கள் சட்ட வரைவுக் குழு வெள்ளிக்கிழமை கூடும்போது அதைக் காட்டலாம்.

ஆனால் நீங்கள் இன்னொன்றும் கொண்டுவந்திருக்கிறீர்கள். உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தீர்களே, இந்தத் தாள். வலப்பக்க மேல்மூலையில் சிவப்பு மையில் நான்கு என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். என் கையெழுத்து. பதினான்கு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த தாள். யாரோ இதை உங்களுக்குத் தபாலில் அனுப்பி, இணைப்பிலிருந்து நீக்கிவிடுமாறு கேட்டிருக்கிறார்கள். யார் என்று நீங்கள் சொல்ல முடியாது. நல்லது. சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். நான்காம் எண் நகல் தங்கமணிக்குக் கொடுத்தது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் இளங்குமரன் உடற்கல்வி ஆசிரியர். ஐந்து ஆண்டுகளுக்கு முன், பள்ளி விளையாட்டு விழா அன்று, மைதானத்தில் விசிலை வாயில் வைத்தபடியே சாய்ந்தார். மாரடைப்பு. அந்தப் பள்ளியில்தான் எங்கள் மகள் நறுமுகை ஏழாம் வகுப்பு. தொடர் ஓட்டத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கட்டையோடு நின்றவள் அதைக் கீழே போடாமலே வீடு வரை கொண்டுவந்துவிட்டாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நான் கவனிக்கவில்லை. செய்ய வேண்டியவை நிறைய இருந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினேழாம் நாள் அலுவலகத்தில் கையொப்பமிட்டேன். அதைப் பற்றிப் பேசினார்கள். பேசட்டும். அழுதுகொண்டிருந்தால் பிள்ளை யாரைப் பார்த்து நிமிர்வாள்? நான் நிமிர்ந்தேன், அவளும் நிமிர்ந்தாள். அடம் இல்லை, அழுகை இல்லை. தானே எழுவாள், தானே சடை போட்டுக்கொள்வாள். காலையில் நான் எழும்போது பின்மாடிக் கொடியில் அவளுடைய படுக்கை விரிப்பு அலசிக் காயப்போட்டிருக்கும். தினமும். சுத்தம் பழகுகிறாள் என்று எண்ணினேன். பாராட்டவும் செய்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டியிருக்கிறேன்: பாருங்கள், பன்னிரண்டு வயதில் என்ன ஒழுங்கு என்று. அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தேன்.

நல்ல வளர்ப்பு, அம்மா, அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு தாளை மடித்தால்கூட விளிம்போடு விளிம்பு சேர்த்து, நான்காக மடித்து, கட்டைவிரல் நகத்தால் கோடு இழுப்பாள். ஐந்து வயதில் நான் கற்றுக்கொடுத்தது. அரசாங்கக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அலைபேசி நான் வாங்கிக் கொடுத்ததுதான், தனிப்பயிற்சிக்காக. ஒன்பதாம் வகுப்பில். அதில் ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். சேலத்தில் படிக்கும் பெண், அவளுக்கும் தந்தை இல்லை, அவளுக்கும் தாய் வேலைக்குப் போகிறவள். ஒன்றரை ஆண்டு பேசியிருக்கிறார்கள், எழுத்திலேயே. தோழி என்று நம்பியவள் தோழியே இல்லை, எவனோ ஒருவன் என்பது பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வின்போதுதான் தெரிந்தது. அவள் தன் புகைப்படங்களை அனுப்பாவிட்டால், நம்பிச் சொன்னதையெல்லாம் பள்ளி முழுவதற்கும் பரப்பிவிடுவதாக எழுதினான்.

அவள் அனுப்பவில்லை. என்னிடம் வந்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை பிள்ளைகள் தாயிடம் வருகிறார்கள்? என் மகள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை, இதே மேசையில் நான் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் நின்றாள். நிற்கிறாள் என்று தெரியும். பத்தியை முடித்துவிட்டு நிமிரலாம் என்றிருந்தேன். நிமிர்ந்தபோது அலைபேசியை நீட்டினாள். படித்தேன்.

அவள் அப்போது சொன்னது ஒன்றுதான். “யார்கிட்டயும் சொல்லிராதீங்கம்மா.”

முறைப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொன்னேன்.

என்ன எழுதியிருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும், தாள் உங்கள் எதிரில் இருக்கிறது. அவள் நடையிலேயே இருக்கிறது, நான் திருத்தவில்லை. “எங்கப்பா ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு கிரவுண்டுலயே விழுந்துட்டாரு. அன்னிலேர்ந்து எனக்குப் படுக்கை நனையுது. நானே எந்திரிச்சு அலசிப் போட்ருவேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா அதுக்கும் ஒரு ரிஜிஸ்டர் போட்ருவாங்க.”

கடைசி வரி விஷயத்துக்குத் தொடர்பற்றது. இருந்தாலும் அடிக்கவில்லை. ஆவணத்தில் கை வைக்கக் கூடாது.

இது ஓர் உபாதை, அம்மா. காய்ச்சல் போல, வயிற்றுவலி போல. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ரெஜினா மேரி சொல்லித்தான் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அதிர்ச்சியால் வருவது, தானே போய்விடும், ஒன்றுமட்டும், நாலு பேர் அறியப் பேசாதீர்கள் என்றார் மருத்துவர். நான் திட்டவே இல்லை. ஒரு நாளும் இல்லை. ரப்பர் விரிப்பு வாங்கி மெத்தைமேல் போட்டேன். அவ்வளவுதான்.

அந்தப் பயல்மேல் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தேன். மூன்று வாரத்தில் அவன் கணக்கே காணாமல் போயிற்று. பிடிபடவில்லை, ஆனால் ஒழிந்தான். ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: மிரட்டினானே தவிர, அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவரிடமும் இல்லை. கோழை.

அத்தோடு விட்டிருக்கலாம் என்பீர்கள். ஒருவன் போனால் ஒன்பது பேர் வருவார்கள். அவர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டாமா? அப்போதுதான் அரசு அந்தச் சட்டத்தை வரைய உங்கள் குழுவை அமைத்து, பொதுமக்கள் கருத்துகளை வரவேற்பதாக அறிவிப்பு வந்தது. நான் தாய்மார் மன்றத்தைத் தொடங்கினேன். பாவாயி அம்மாள் மாவு மில்லில்தான் முதல் கூட்டம். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து இங்கே, இந்தக் கூடத்தில்.

பாவாயி அம்மாளுக்கு என்னைக் கேலி செய்யாமல் பொழுது போகாது. “நம்ம சுலோசனாகிட்ட எமனே வந்தாலும், மனுவா எழுதிக் கொண்டுவாடா, சீல் குத்தித் தர்றேன்னு சொல்லுவா” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அது ஒரு நல்ல காலம், இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சமையலறையில் நறுமுகைகூடச் சிரித்தாள், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

கையொப்பம் வாங்கத் தெருத்தெருவாய்ப் போனோம். என்னோடு வெயிலில் நடந்தவள் தங்கமணிதான். மற்றவர்களுக்கு வீடு, கடை, மருத்துவமனை. இவளுக்கும் தையல் வேலை உண்டு. இருந்தாலும் மை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவாள். படித்தவள் அல்ல. எட்டாம் வகுப்பு. ஆனால் என்னால் முடியாதது அவளால் முடிந்தது, அதை மறைக்க மாட்டேன். நான் சட்டத்தை விளக்கி முடிப்பதற்குள் பெண்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். இவள் ஒன்றும் விளக்க மாட்டாள். “உங்க பசங்க சோத்துல கை வெச்சுக்கிட்டே போனையத்தான பாக்கறானுங்க? எம்பையனும் அப்படித்தானுங்க்கா. வாங்க, ஒரு கையெழுத்துப் போடுங்க” என்பாள். போட்டுவிடுவார்கள்.

சந்தையில் முருங்கைக்காய் விற்கும் ஒரு பெண், பெயர் தெரியாது, கைநாட்டுதான், எங்களிடம் கேட்டாள்: “எம்புள்ளைக்கு எவனோ என்னென்னமோ அனுப்பறானுங்க. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறா. இதுல ரேகை வெச்சா விட்ருவானுங்களா?” நான் விளக்கத் தொடங்கினேன்: விதிகள் இயற்றப்பட வேண்டும், மேல்முறையீடு வேறு இருக்கிறது. தங்கமணி அவள் விரலைப் பிடித்து மையில் ஒற்றி, “விட்ருவானுங்க, வைங்க” என்றாள். பிறகு, “பொய் சொல்லிட்டனோக்கா?” என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்டாள்.

மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு கையொப்பங்கள். எட்டில் ஒன்று கைநாட்டு. ஒவ்வொன்றும் ஒரு தாய். நாங்கள் கேட்டது பெரிதல்ல. பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்கினால் வயதை உறுதி செய்ய வேண்டும். புகார் வந்தால் ஒரே நாளில் நீக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் பிள்ளைகளுக்கு நேரடியாக எழுத முடியாதபடி செய்ய வேண்டும். இந்த மூன்றும் எல்லோரும் சொல்வது. நான்காம் பத்தி என்னுடையது. ஒரு குழந்தை நம்பிக் கூறிய அந்தரங்கச் செய்தியை, அக்குழந்தையின் சம்மதமின்றி வெளிப்படுத்துபவர் எவராயினும் தண்டனைக்குரியவராவர். ‘எவராயினும்’ என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் உறவினன் தப்பிப்பான், ஆசிரியன் தப்பிப்பான். ஓட்டை இல்லாமல் எழுத வேண்டும். உங்கள் குழுவில் ஒருவர் அந்தப் பத்தியைப் பாராட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

ஆனால் கையொப்பம் ஆதாரம் ஆகாது. மனுப்பிரிவில் எனக்குத் தெரிந்த ஒரே உண்மை அதுதான். திங்கட்கிழமைதோறும் நூறு பேர் வந்து அழுவார்கள். அழுகைக்கு எண் கொடுக்க முடியாது. பட்டா நகல் வைத்தவனுக்குக் கோப்பு நகரும். அழுதவனுக்கு ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் போகும். நானே எத்தனை பதில்களில் அதை எழுதியிருக்கிறேன். எங்கள் மனுவுக்கு அந்தப் பதில் வரக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆகவே இணைப்பு மூன்று. அவளுடைய உரையாடல் நாற்பது பக்கம். அதில் ஒரு பக்கம், பிறகு அவன் மிரட்டிய வரிகள். விதிப்படி பெயரை அடித்தேன், பள்ளியை அடித்தேன், ஊரை அடித்தேன். கறுப்பு மை, மூன்று முறை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. முக்கியமான வரிகளுக்குக் கீழே சிவப்புக் கோடு. விளையாட்டு விழா என்ற சொல்லை அடிக்கவில்லை. அது பெயருமல்ல, முகவரியுமல்ல.

ஆமாம். இந்த ஊரில் விளையாட்டு விழாவில் இறந்தவர் ஒருவர்தான். நீங்கள் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தீர்கள். விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்தேன்.

நகல் எடுக்க மெஹருன்னிசா கடைக்குப் போனேன். அவள் தாளை வாங்கி ஒரு வரி பார்த்தாள். உடனே கவிழ்த்துக் கண்ணாடிமேல் வைத்துவிட்டாள். ஏழு நகல்களும் வெளியே வரும்வரை சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அக்கா, இதை எல்லாருக்கும் கொடுக்கணுமா? நம்மளுக்குள்ள வாயால சொன்னாப் போதாதா?” என்றாள். வாயால் சொல்வது வதந்தி, தாளில் இருப்பதுதான் ஆவணம் என்றேன். பணம் வாங்க மறுத்துவிட்டாள். அன்பு என்று எண்ணிக்கொண்டேன்.

ஒவ்வொரு நகலிலும் எண்ணிட்டேன். கூட்டம் முடிந்ததும் ஏழையும் திரும்ப வாங்கி ஆறைக் கிழித்துவிட்டு, ஒன்றைக் கோப்பில் சேர்ப்பதாகத் திட்டம். எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று காட்டத்தான் சொல்கிறேன்.

ஆறுதான் திரும்பின. நான்காம் எண் வரவில்லை.

அன்று மாலை ராசிபுரத்திலிருந்து என் நாத்தனார் தொலைபேசியில் அழைத்தாள். “நறுமுகை இங்கதான் இருக்குது. ரெண்டு நாள் இருக்கட்டுமுங்க அண்ணி” என்றாள். வீட்டு உடையிலேயே பேருந்து ஏறிப் போயிருக்கிறாள். இரண்டு நாள் பதினான்கு மாதம் ஆயிற்று. மாற்றுச் சான்றிதழ் கேட்டு நாத்தனார்தான் வந்தாள்; கையொப்பமிட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்பை அங்கேயே முடித்தாள். நல்ல மதிப்பெண் என்று கேள்வி. மாதத்தில் முதல் ஞாயிறு நான் போகிறேன். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். மரியாதைக் குறைவாக அல்ல; நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவாள். பேச மாட்டாள். ஒரு சொல்கூட இல்லை. படுக்கை உபாதை நின்றுவிட்டது என்று நாத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே போன மூன்றாம் மாதமே நின்றுவிட்டதாம்.

நான் என்ன நினைத்தேன், தெரியுமா? தங்கமணி அந்தத் தாளை வெளியே கொண்டுபோய் யாரிடமோ காட்டியிருக்கிறாள். அது எப்படியோ பெண்ணின் காதுக்குப் போயிருக்கிறது. இல்லாவிட்டால் அவள் ஏன் போக வேண்டும்? கோப்பில் ஒரு தாள் குறைந்தால் அதை வைத்திருந்தவர்தான் பொறுப்பு. தங்கமணிக்கு விளக்கம் கோரிக் கடிதம் எழுதினேன். ஏழு நாளில் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்று. சிரிக்கிறீர்களா? இல்லை, சரி.

அவள் எழுதவில்லை. மூன்றாம் நாள் நேரில் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றாள். கடிதம் கையில் இருந்தது, வேர்வையில் நனைந்து. “எங்கிட்ட இல்லீங்க்கா. எங்க போச்சுன்னு நீங்களே ஒருக்கா நெனச்சுப் பாருங்க” என்றாள். அவ்வளவுதான். திமிர் என்று நினைத்தேன். பிறகு மன்றத்துக்கு அவள் வரவில்லை. கோகிலவாணி வரவில்லை. பூங்கோதை, பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஆறு மாதமாகச் சொல்லி அனுப்புகிறாள். பாவாயி அம்மாள் மட்டும் இரண்டு முறை வந்தார். கேலி எதுவும் செய்யவில்லை. அதனால் உட்கார்ந்திருப்பதற்கே கடினமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை குழுவின் முன் நான் தனியாகத்தான் வர வேண்டும். வருவேன். மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பேர் சார்பில் வருவேன். நீங்கள் சொன்னீர்கள், மூன்றாம் இணைப்பு இருந்தால்தான் நேரில் பேச அழைப்பார்கள், இல்லையென்றால் நூற்றுக்கணக்கான மனுக்களில் ஒன்றாக அடுக்கில் போகும் என்று. எனக்குத் தெரியும். அடுக்கு எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். அதனால்தான் இந்தத் தாளை எடுக்கச் சொல்கிறவர் யாராயிருந்தாலும் என் மனுவுக்குப் பகை என்று, நீங்கள் உறையைப் பிரித்தபோது முடிவு செய்தேன்.

அந்தத் தாளை ஒரு நிமிடம் கொடுங்கள்.

மடிப்பைப் பாருங்கள். விளிம்போடு விளிம்பு. நான்காக. நகத்தால் கோடு இழுத்திருக்கிறது. தங்கமணி துணியைத்தான் மடிப்பாள்; காகிதத்தை அவள் சுருட்டுவாள். அளவு எழுதிய சீட்டுகளைச் சுருட்டிக் காதோரம் செருகிக்கொள்வாள், அதற்காகவே நான் அவளைக் கடிந்திருக்கிறேன். இந்த ஓரத்தில் வட்டமாக ஒரு கறை. டம்ளரின் அடி.

காபி குடியுங்கள், ஆறிவிடும்.

கூட்டக் குறிப்பை நான் உங்களுக்கு ஆரம்பத்தில் சொன்னேன். எழுவர் என்று. அதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள். வந்திருந்தவர்கள் எண்மர். எட்டாவது பெயரை நான் எழுதவில்லை. உறுப்பினர் அல்லாதவர்களைக் குறிப்பில் சேர்ப்பதில்லை. காபி கொண்டுவருகிறவர்களை யாரும் சேர்ப்பதில்லை. பெயர் நறுமுகை. தந்தை பெயர் இளங்குமரன்.

அன்று பள்ளி விடுமுறை. ஏழு டம்ளர் காபி போட்டுக் கொண்டுவா என்று நான்தான் சொன்னேன். அவள் கேட்டாள், எதைப் பற்றிக் கூட்டம் அம்மா என்று. சட்டத்தைப் பற்றி என்றேன். அது பொய்யல்ல. நகல்களைக் கொடுத்தேன். அவர்கள் படித்தார்கள். படிக்கப் படிக்கக் கூடம் அமைதியாயிற்று. விஷயத்தின் கனம் அவர்களுக்குப் புரிகிறது என்று எனக்குத் திருப்தி. ரெஜினா மேரி மட்டும் என்னைப் பார்த்து, “இது நம்ம...” என்று தொடங்கினாள். கேள்விகள் பிறகு என்று கையமர்த்திவிட்டு, மனுவை எடுத்து நின்றபடி வாசிக்கத் தொடங்கினேன். முதல் பத்தி, இரண்டாம் பத்தி, மூன்றாம் பத்தி. நான்காம் பத்திக்கு வந்தபோது நறுமுகை தட்டோடு வந்தாள்.

என் கண் தாளில் இருந்தது. ஆனாலும் சில தெரிந்தன. கோகிலவாணி தாளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மெஹருன்னிசா கவிழ்த்தாள். பாவாயி அம்மாள் தன்னுடையதன்மேல் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் மறைத்ததால்தான் அவள் நின்றாள் என்று இப்போது தோன்றுகிறது. தங்கமணிக்கு மறைக்கத் தெரியவில்லை. அது மடியில் திறந்தே கிடந்தது. நீட்டிய காபியை வாங்கத் தெரியாமல், தாளின்மேலேயே டம்ளரை வைத்துக்கொண்டு, என் மகள் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அவள் குரல் அப்படி, தையல் இயந்திரத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

“ஒண்ணுமில்ல கண்ணு. எந்தம்பிக்கும் பத்து வயசு வரைக்கும் இருந்துச்சு. தானாச் சரியாப் போயிரும்.”

தட்டைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. நறுமுகை ஒரு சொட்டும் சிந்தாமல் வைத்தாள். தங்கமணியின் மடியிலிருந்த டம்ளரை எடுத்துத் தட்டில் சேர்த்தாள். தாளை எடுத்தாள். தன் கையெழுத்தில்லை, தன் பெயருமில்லை, ஆனால் தன்னுடையது. படித்தாள். சிவப்புக் கோடுகளையும் பார்த்திருப்பாள், அந்த மை எங்கள் வீட்டு மை. பிறகு நின்ற நிலையிலேயே அதை மடித்தாள், ஒரு முறை, இன்னொரு முறை. சூடான பாத்திரம் பிடிக்கும் காகிதத்தை மடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை ஒரு முறை பார்த்தாள். நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. பத்தியை முடித்துவிட்டு நிமிரலாம் என்றிருந்தேன். ‘வெளிப்படுத்துபவர் எவராயினும்’ என்ற இடத்துக்கு வந்திருந்தேன்.

நான் நிமிர்ந்தபோது அவள் கூடத்தைக் கடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசற்கதவைத் திறந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள்.